காம்பு விட்ட பழம்

துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கொடியோடு அறுந்து சேற்றில் விழுந்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

இரண்டு நாள் அடைமழை பெய்து, அன்று காலைதான் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று வீட்டிலிருந்த அத்தனை அழுக்கையும் வாரிப் போட்டுக் கை ஓயத் துவைத்து, குளியலறைக்கும் பின்சுவருக்கும் நடுவில் கட்டியிருந்த கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். கடைசியில் புருஷனின் கனத்த கால்சட்டை. போட்ட கையை எடுக்கவில்லை, கொடி நடுவில் பட்டென்று விட்டது. பாப்பாவின் கவுன் மேல் போர்வை, போர்வை மேல் கால்சட்டை, எல்லாமே சேற்றில் கிடந்தன.

"நாசமாப் போற கயிறு" என்று திட்டிக்கொண்டே அறுந்த முனையை எடுத்தாள். இன்னொரு முடிச்சுப் போட்டால் தாங்கும் என்று நினைத்து இழுத்தாள். இழுத்த இடத்திலும் அறுந்தது. பாடாய்ப் படுத்துகிறதே என்று இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு காய்ந்த சருகு மாதிரி நொறுங்கி, பொடியாக விரலில் ஒட்டியது.

அப்போதுதான் அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவள் புருஷனை ஊரில் அணில் என்பார்கள். டுரியான் மரம் ஏறிக் காய் கட்டுவது அவன் தொழில். மரத்தில் இருக்கும்வரை அவனைப் போல ஒரு ஆளைப் பார்க்க முடியாது, தரைக்கு வந்தால் வாசற்படியில் தடுக்கி விழுவான். டுரியான் வீட்டுக் கொல்லையில் ஆசைக்கு வளர்க்கிற மரம் கிடையாது, மழைக்காட்டு மரம். ஊர் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது காடுதான். வெட்டி வெட்டித் தெருவாக்கியபோது பழத்துக்கு ஆசைப்பட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவைத்தார்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும், உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கும். பழம் ஒவ்வொன்றும் ஒரு ஆள் தலை அளவு, மேலெல்லாம் கூர்முள். அதன் வாசனை பிடித்தவர்கள் அதற்காகச் சொத்தை எழுதி வைப்பார்கள், பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவார்கள்.

அதைக் காயாகப் பறிக்கக் கூடாது. மரத்திலேயே பழுத்துத் தானாகக் காம்பு விட்டுக் கழல வேண்டும், அப்போதுதான் ருசி. ஆனால் அந்த உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் வெடித்துப் போகும், யாரும் தொட மாட்டார்கள். அதனால்தான் காய் முற்றும் சமயத்தில் அணில் மேலே ஏறி, ஒவ்வொரு காயையும் கிளையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்குவான். காம்பு விட்டாலும் பழம் கயிற்றில் தொங்கும். அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் ஏறி, தொங்குகிறவற்றைக் கூடையில் வைத்து இறக்குவான். கீழே சாக்கை விரித்துக்கொண்டு அவள் நிற்பாள். கட்டியிருக்கும் பழத்தில் எது இன்னும் காம்பில் இருக்கிறது, எது வெறும் கயிற்றில் இருக்கிறது என்று கீழேயிருந்து பார்த்தால் அவனுக்கே தெரியாது. மேலே போய்க் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

முந்தாநாள் மழையில் வாசற்படி வழுக்கிக் கணுக்கால் பிசகி, அணில் படுத்துக் கிடந்தான். முந்தாநாளும் நேற்றும் இன்றும் மரத்தில் யாரும் ஏறவில்லை.

அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

கட்டிலில் அவன் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். பக்கத்தில் மகள் பாப்பா ஒரு பொம்மையின் காலுக்குத் துணி சுற்றி, அதுவும் வழுக்கி விழுந்துவிட்டதாக விளையாடிக்கொண்டிருந்தாள். நேற்று முழுக்கக் காய்ச்சல் என்று காப்பகத்துக்கு அனுப்பவில்லை, இன்றும் அனுப்பவில்லை.

"என்னங்க."

"ம்."

"டீச்சர் வீட்டு மரத்துக்கு எந்தக் கயிறு போட்டீங்க?"

"எந்தக் கயிறுன்னா? மஞ்சக் கயிறுதான்."

"புதுசா?"

"போன வருஷம் மிஞ்சினது ஒரு உருண்டை இருந்துச்சே, அது. குளியலறைக் கூரை மேல நீதானே தூக்கிப் போட்டு வெச்சிருந்த?"

"அதையேதான் மரம் முழுக்கக் கட்டினீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன? மேல ரெண்டு சுத்து வெளுத்துப் போயிருந்துச்சு, அறுத்து எறிஞ்சிட்டேன். உள்ள இருந்தது பளபளன்னு புதுசு கணக்கா இருந்துச்சு. கட்டிட்டு மிச்சத்தை உனக்குக் கொடிக்குக் குடுத்தேனே."

அவள் கையிலிருந்த துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "அந்தக் கொடிதாங்க இது. நீங்க மரத்துல கட்டின அதே நாள் நான் இங்க கட்டினது. இழுத்துப் பாருங்க."

அவன் இழுத்தான். பிறகு விரலால் தேய்த்தான். மஞ்சள் பொடி போர்வையில் உதிர்ந்தது. அவன் முகம் கொஞ்ச நேரத்துக்கு எதையும் காட்டவில்லை. அப்புறம் வழக்கமான முகம் திரும்பி வந்தது.

"கொடியில ஈரத் துணி பாரம். அங்க இலை நிழல் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"உச்சியில ஏதுங்க நிழலு? நீங்களே சொல்வீங்களே, மேல போனா வெயில் மண்டையப் பொளக்குதுன்னு."

"இப்ப என்ன சொல்ல வர்ற?"

"மூணு நாளா நீங்க ஏறல. எத்தனை பழம் காம்பு விட்டிருக்குமோ தெரியாது. அதெல்லாம் இந்தக் கயித்துல தொங்குது. கீழ புள்ளைங்க விளையாடுதுங்க."

அந்த மரம் நிற்கிற வீட்டில்தான் டீச்சர் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற தாய் தகப்பன் காலையில் விட்டுவிட்டு மாலையில் வந்து கூட்டிப் போவார்கள். முன்னெல்லாம் பழக்காலம் முழுக்கப் பிள்ளைகளை வெளியே விடாமல் கூடத்தில் பூட்டி வைப்பாள். கூடம் சின்னது, புழுக்கம் வேறு. பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மரத்தை வெட்டிவிடுங்கள் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். அப்போது அணில்தான் எல்லார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "ஒரு காய் பாக்கி இல்லாம கட்டிடறேன். ஒண்ணு கீழ விழுந்தா என் பேர மாத்திக்கறேன்" என்றான். அந்தப் பேச்சை நம்பித்தான் மரம் தப்பியது. அதே பேச்சை நம்பித்தான் இந்த வருஷம் பிள்ளைகள் மரத்தடி மணலில் விளையாடுகின்றன, அதன் நடுவில் இருக்கும் இரும்பு ஊஞ்சலில் ஆடுகின்றன.

"நான் போய் டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள் அவள்.

"என்னன்னு சொல்லுவ?"

"கயிறு மக்கிப் போச்சு, புள்ளைங்கள வெளிய விடாதீங்கன்னு."

"நல்லா இருக்கு. நாளைக்கே மரத்த வெட்டுவாங்க. அப்புறம் எவன் என்னை நம்பித் தோப்புக்குள்ள விடுவான்? அணில் கட்டின கட்டு அறுந்துச்சாம்னு அந்தப் பல்லி ஊரெல்லாம் தண்டோரா போட்டுட மாட்டான்?"

பல்லி என்பவன் ஊரிலிருந்த இன்னொரு மரமேறி. அவனும் அணிலும் ஒரே டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்காருவார்களே தவிர, முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"அப்ப பல்லியவே ஏறச் சொல்லலாம்ங்க. இன்னிக்கே இறக்கிடுவாரு."

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் என் மரத்துல அவன் கால் வைக்கக் கூடாது."

"புள்ளைங்க உயிர விடவா உங்க வீம்பு பெரிசு?"

"கத்தாத. நான் சொல்றதக் கேளு." அவன் எழுந்து உட்கார்ந்தான். கால் வலியில் முகம் சுளித்தது. குரலைத் தணித்துக்கொண்டான். "ரெண்டு நாள். ரெண்டே நாள் பொறு. வீக்கம் வடிஞ்சிடும், நானே ஏறி எல்லாத்தையும் மாத்திக் கட்டிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். அதுவரைக்கும் பாப்பாவ மட்டும் அங்க அனுப்பாத."

சொல்லிவிட்டு அவன் திரும்பவும் படுத்துக்கொண்டான். தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவளுக்கு விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசிய எத்தனையோ வீம்புப் பேச்சை அவள் சிரித்துத் தள்ளியிருக்கிறாள். இதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. அவளுக்கு வந்தது வெறும் பயம்தான் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் அருவருப்பும் இருந்தது. அதில் பாதி தன் மேலேயே, ஏனென்றால் கயிற்றைப் பார்த்தவுடன் நல்லவேளை பாப்பா வீட்டில் இருக்கிறாள் என்றுதான் அவளும் முதலில் நினைத்திருந்தாள்.

"பாப்பாவப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏய்! எங்க போற? ஏய், நில்லுடி!"

அவள் நிற்கவில்லை.

தெருவில் அயன்காரர் தன் தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டு ஊதிக்கொண்டிருந்தார். "என்னம்மா இந்த ஓட்டம்? அணிலுக்குக் கால் தேவலையா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். தெருமுனை திரும்பும்போது காற்று எழுந்தது. மழை விட்ட பிறகு வரும் ஈரக்காற்று. கடைகளின் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. மற்ற நாளில் அந்தக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். இன்று ஒவ்வொரு வீச்சுக்கும் அவளுக்கு மரத்தின் உச்சிதான் தெரிந்தது. வீடுகளின் கூரைக்கு மேல் அது நிஜமாகவே தெரிந்தது, மெதுவாக அசைந்துகொண்டு.

போகிற வழியில் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒன்றும் ஆகாது என்றது. ஆகியிருக்கும் என்றது. காப்பகத்துப் பக்கமிருந்து சத்தம் எதுவும் வரவில்லையே என்று கொஞ்சம் தெம்பு வந்தது. சத்தமே வரவில்லையே என்று அடுத்த எட்டிலேயே கால் பின்னியது.

கேட்டுக்கு வந்தபோது பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்த ஆசைக்கு எல்லாம் மணலில்தான் கிடந்தன. ஒரு கூட்டம் குழி தோண்டியது, ஒரு கூட்டம் ரயில் ஓட்டியது. சிவப்புக் கவுன் போட்ட ஒரு பெண் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் பச்சைப் பச்சையாகப் பழங்கள்.

கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கத்தினால் பிள்ளைகள் அப்படியே நின்று அண்ணாந்து பார்க்கும். "பாப்பாவோட அம்மா வந்தாச்சு" என்று அவளை நோக்கி ஓடிவரும், அதுவும் மரத்தடி வழியாகத்தான். சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். ஆயா அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆயா, சாப்பாட்டு மணி அடிங்க."

"இன்னும் பருப்பே வேகல. இப்ப அடிச்சா எல்லாம் வந்து என்னைத்தான் பிடுங்கித் தின்னும்."

"அடிங்க ஆயா. உங்க கால்ல விழறேன்."

ஆயா அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். தட்டின் சத்தம் கேட்டதுதான் தாமதம், குழியையும் ரயிலையும் போட்டுவிட்டு எல்லாம் கூடத்துக்குள் பாய்ந்தன. சோற்றுக்கு இருக்கிற மரியாதை வேறெதற்கும் கிடையாது. உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "ஆயா, மணி இன்னும் ஆகலையே, எதுக்கு அடிக்கிற?"

சிவப்புக் கவுன் மட்டும் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள், இனி ஊஞ்சல் எனக்கு மட்டும்தான் என்ற சந்தோஷத்தில் இன்னும் வேகமாக ஆடியது.

"கண்ணு, வாம்மா, சாப்பாடு" என்று சுவரோரத்திலிருந்தே கூப்பிட்டாள்.

"எனக்குப் பசிக்கல."

காற்று திரும்ப வீசியது. மேலே இலைகள் சலசலத்தன. அவள் அந்த மரத்தடியில் எத்தனையோ காலை நின்றிருக்கிறாள். ஆனால் எப்போதும் கையில் சாக்கு இருக்கும், மேலே புருஷன் இருப்பான், இதோ வருது பார் என்ற அவன் குரல் இருக்கும். இன்று ஒன்றும் இல்லை. மேலே பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஊஞ்சலை மறித்து, குழந்தையை வாரி மார்போடு அணைத்து, அதன் தலை மேல் தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து கூடத்தில் விழுந்தாள். குழந்தை வீலென்று கத்தியது.

"என்னம்மா இது? பிள்ளையப் பயமுறுத்திக்கிட்டு!" டீச்சர் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கதவச் சாத்துங்க டீச்சர். யாரையும் வெளிய விடாதீங்க."

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கொடி அறுந்தது, உருண்டை, கூரை, மூன்று நாளாக ஏறாதது. சொல்லி முடித்துக் கயிற்றுத் துண்டை நீட்டினாள். டீச்சர் அதைத் தேய்த்துப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அணில் அன்னிக்கு என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு டீச்சர்."

"அவன் பேச்ச நம்பி நான் எல்லாரையும் எதிர்த்துப் பேசினேன். ஒரு மாசமா இந்தப் பிள்ளைங்க அதுக்குக் கீழதான் உருளுதுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"கயித்தக் கூரை மேல போட்டு வெச்சது நான்தான் டீச்சர். வீட்டுக்குள்ள இடமில்லன்னு போட்டேன். வெயில் தின்னுடும்னு எனக்குத் தோணவே இல்ல."

"நீ போட்ட, அவன் கட்டினான். ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான்." டீச்சருக்குக் கோபத்தில் உதடு துடித்தது. கொஞ்சம் கழித்து, "உன் பொண்ணு எங்க? ரெண்டு நாளா காணோமே" என்று கேட்டாள்.

"காய்ச்சல்."

டீச்சர் ம் என்றாள். அந்த ஒரு ம்மில் அவள் என்ன நினைத்தாள் என்பது இவளுக்குப் புரிந்தது. இல்லை டீச்சர், நான் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. இனி சொல்லி என்ன, நம்பவா போகிறாள் என்று விட்டுவிட்டாள். மனசுக்குள் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. ஜன்னல்களை ஆயா சாத்தினாள். கூடத்தில் புழுக்கம் ஏறியது. பருப்பு வேகும்வரை பிள்ளைகள் தட்டைத் தட்டின, பிறகு அழுதன, பிறகு ஒன்றையொன்று கிள்ளின. டீச்சர் ஜன்னல் இடுக்கு வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று வீசியது, நின்றது, மறுபடி வீசியது. ஒரு பழம்கூட விழவில்லை. ஒரு இலை விழுந்ததற்கு டீச்சருக்கும் இவளுக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணும் விழக் காணோமே" என்றாள் ஆயா, பருப்பை இறக்கிக்கொண்டே. "நீ சும்மா பயந்துட்டியோ என்னமோ."

விழாதது நல்லதுதானே. ஆனால் நேரம் ஆக ஆக அவளுக்கு அதுவே பாரமாக இருந்தது. புருஷன் சொன்னதுதான் சரியோ? இலை நிழலில் கயிறு நன்றாகவே இருக்கிறதோ? அவன் பேரை நானே சந்தியில் போட்டு உடைத்துவிட்டேனோ? ஒரு பழம் விழட்டும், வெறும் மணலில் விழட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கேட்டுப் பக்கம் கடகடவென்று சக்கரச் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தால், அயன்காரரின் தள்ளுவண்டி. பெட்டியும் துணியும் இருக்க வேண்டிய பலகை மேல், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அணில் உட்கார்ந்திருந்தான். மடியில் பாப்பா. ஊர்வலம் போகிற ராஜா மாதிரிதான் இருந்தது, அயன்காரர்தான் வியர்வையில் நனைந்து போயிருந்தார். வண்டி கேட்டைத் தாண்டி, மரத்தின் நிழல் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது.

டீச்சர் படியில் இறங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் இவள்.

"டீச்சர், இவ சொன்னத எல்லாம் நம்பாதீங்க" என்றான் அணில். "வீட்டுல ஒரு கொடி அறுந்ததுக்கு ஊரையே கூட்டிட்டா. என் கட்டு என் கட்டுதான். எத்தனை வருஷமா கட்டறேன், ஒண்ணு விழுந்திருக்கா?"

"கயிறு பொடியாப் போகுதே அணில்."

"அது வீட்டுக் கயிறு. இங்க பாருங்க, இத்தனை நேரமா இந்தக் காத்து அடிக்குது. ஒண்ணு விழுந்துச்சா? சொல்லுங்க. விழுந்துச்சா?"

"விழல" என்றாள் டீச்சர். அவள் குரலில் உறுதி குறைந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் அழும் சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"அவ்வளவுதானே? ரெண்டு நாள்ல கால் சரியாயிடும், எதுக்கும் புதுக் கயிறு போட்டுடறேன். நீங்க கதவத் திறந்து விடுங்க. பாவம், எதுக்கு அதுங்கள அடைச்சு வெச்சிக்கிட்டு? ஊஞ்சல் சும்மாதானே கெடக்கு. தாராளமா விளையாடட்டும்."

அவன் கண் தன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறான் என்பது இவளுக்குத் தெரிந்தது.

விளையாடட்டும் என்ற சொல் ஒருத்தியின் காதில் நன்றாக விழுந்தது. இரண்டு நாளாகக் கட்டிலில் கிடந்தவள். எப்போது வந்தாலும் ஊஞ்சலில் அவளுக்கு முன்னால் யாராவது இருப்பார்கள், இன்று அது காலியாகக் காற்றில் தானாக அசைந்துகொண்டிருந்தது. பாப்பா அப்பாவின் மடியிலிருந்து நழுவி வண்டியிலிருந்து குதித்தாள். மணலை நோக்கி ஓடினாள்.

"பாப்பா!"

அந்த அலறல் அணிலின் தொண்டையிலிருந்து வந்தது என்று அங்கே நின்ற யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பிசகிய கால் என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து பாய்ந்தான், விழுந்தான், மண்ணில் தவழ்ந்தபடியே எட்டிக் குழந்தையின் கவுனைப் பிடித்து இழுத்தான். கவுன் கிழிந்தது. பாப்பா பின்பக்கமாக அவன் மேல் விழுந்தாள். அவன் அவளைத் தனக்கு அடியில் போட்டு, முதுகை வளைத்து மூடிக்கொண்டு, நிழலுக்கு வெளியே கிடந்தான்.

பாப்பா, "நீதானேப்பா விளையாடச் சொன்ன" என்று அவனுக்கு அடியிலிருந்து அழுதாள்.

டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாகத் திரும்பிப்போய்க் கூடத்துக் கதவை இன்னொரு தரம் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டு அணில் தலையைத் தூக்கினான். முகமெல்லாம் மண்.

"அண்ணே" என்றான் அயன்காரரிடம், யாரையும் பார்க்காமல். "பல்லிய வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னே சொல்லுங்க."

பல்லி கூடையும் கயிறுமாகச் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அணிலைப் பார்த்துச் சிரிப்பான் என்று இவள் பயந்தாள். அவன் சிரிக்கவில்லை. கயிற்றுத் துண்டைத் தேய்த்துப் பார்த்தான், உச்சியைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். மரத்தின் மறுபக்கமாகச் சுற்றிப்போய் ஏறினான். இவள் அங்கே கிடந்த ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேலேயிருந்து, "கீழ யாரும் வராதீங்க அண்ணி, கூடையிலயே இறக்கிடறேன்" என்று கத்தினான்.

ஏறினவன் நேராக ஊஞ்சலுக்கு மேலிருந்த கிளைக்குத்தான் போனான். அங்கே போனதும் அசையாமல் நின்றுவிட்டான்.

"என்னடா?" என்று கீழேயிருந்து அணில் கேட்டான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு எத்தனையோ வருஷமிருக்கும்.

"அண்ணே, இந்தப் பழம் காம்பு விட்டு ரொம்ப நேரமாச்சு. கயிறும் அறுந்து ரெண்டா தொங்குது."

"அப்ப எப்படிடா நிக்குது?"

"கெளை இடுக்குல முள்ளு மாட்டி உக்காந்திருக்குண்ணே. கைய வைக்கவே பயமா இருக்கு."

சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை அதன் மேல் போட்டு, இரண்டு கையாலும் பொத்தி எடுத்துக் கூடையில் வைத்தான். கூடை ஆடி ஆடி இறங்கியது. ஊஞ்சலின் பலகையை உரசிக்கொண்டு மணலில் உட்கார்ந்தது. நல்ல பழம்தான், பழுத்த வாசனை வாசல்வரை வந்தது. யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை.

அணில் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பாப்பா அழுது முடித்து, அவன் தொடையில் சாய்ந்து, கிழிந்த கவுனின் நூலை உருவிக்கொண்டிருந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கூடை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்ப விட்டுச்சு?" என்று கேட்டான்.

"காலையிலயே."

"அப்புறம் ஏன் இங்க அனுப்பல?"

"அசந்து தூங்கினா. எழுப்ப மனசு வரல. அவ்வளவுதான்."

அவன் பாப்பாவின் உச்சந்தலையில் கையை வைத்தான். அகலமான, காப்புக் காய்த்த கை. அது அவள் தலையை முழுக்க மூடியிருந்தது.

"கனமா இருக்குப்பா, எடு" என்று பாப்பா தலையை ஆட்டினாள்.

அவன் எடுக்கவில்லை.